ஆறிய கைச் சீட்டு

கை நலச் சட்டத்தின்படி கை என்பது தோள்பட்டையில் தொடங்கி விரல் நுனியில் முடிவது. அதில் எங்கே தோல் கிழிந்து ரத்தமோ நீரோ வடிந்தாலும் அது காயம். பொருக்குத் தட்டியிருந்தாலும் காயம்தான், ஏனென்றால் பொருக்கை உரித்தால் வடியும். காயம்பட்ட கையை ஏரியில் விடக் கூடாது. விட்டால் காயத்தின் கெட்ட நீர் ஏரியில் கலக்கும். ஏரியிலிருந்து எறாவுக்கு, அதாவது இறாலுக்குப் போகும். எறாவிலிருந்து கோட்டைத் துரையின் வயிற்றுக்குப் போகும்.

இதைக் கண்டுபிடித்தவர் கோட்டையின் ரணவைத்தியர் ஹார்மன். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் இருந்த காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை ஒரு தட்டு எறா தின்றார். கூடவே பீப்பாயில் ஒரு வருடம் கிடந்த பன்றி இறைச்சியும் அரைச் சாடி சாராயமும் எடுத்துக்கொண்டார். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. வைத்தியர் மூன்றையும் ஆராய்ந்தார். இறைச்சியும் சாராயமும் ஒல்லாந்திலிருந்து வந்தவை. ஆகவே எறா என்று முடிவு செய்தார்.

ஏரியின் தெற்குக் கரையில் நாற்பது குடிசைகள் இருந்தன. அங்கே இருந்தவர்களிடம் வலை கிடையாது, படகு கிடையாது. முழங்கால் தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்ந்து எறா பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் எறா போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். சேற்றில் எறா மட்டும் இருப்பதில்லை. உடைந்த சிப்பி இருக்கும், நண்டுக் கொடுக்கு இருக்கும், கெளுத்தி முள் இருக்கும். அந்தக் கரையில் காயமில்லாத கை தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு மட்டுமே இருந்தது.

வாய் பறியைக் கடித்திருப்பதால் தண்ணீரில் பேச முடியாது. கையால்தான் சொல்ல வேண்டும். ஒரு கையைத் தூக்கினால், இங்கே எறா இருக்கிறது, வா என்று பொருள். இரண்டு கையையும் தூக்கினால் திருக்கை. அதைப் பார்த்தவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். காலை எடுக்கக் கூடாது, கையை அசைக்கக் கூடாது. அசைந்தால் சேற்றில் படுத்திருக்கும் திருக்கை மிரண்டு முள்வாலை வீசும். தூக்கியவர் கையை இறக்கிய பிறகுதான் மற்றவர்கள் மூச்சு விடுவார்கள். அங்கே பிள்ளைகள் பேசக் கற்பதற்கு முன் இதைக் கற்றுக்கொண்டன.

சட்டம் வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. கோட்டைச் சமையலறைக்கு எறா தேவைப்பட்டதால் காவலர்கள் எல்லாரையும் பிடிப்பதில்லை. வருடத்துக்கு ஒருவர், அல்லது இருவர். அந்த மார்கழியில் சுப்பனைப் பிடித்தார்கள். கட்டைவிரலுக்குக் கீழே சிப்பி கிழித்த ஒரு காயம். அரை விரல் நீளம்.

பிடிபட்டவரைக் கோட்டைக்குள் இருந்த வைத்தியக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். கெட்ட நீரை வெளியேற்ற எட்டு நாளைக்கு ஒருமுறை முழங்கை மடிப்பில் கத்தியால் கீறி ஒரு கிண்ணம் ரத்தம் எடுப்பார்கள். கை முழுவதும் ஆறியதும் 'ஆறிய கைச் சீட்டு' ஒன்று தருவார்கள். அதைக் காட்டி வாசல் வழியாக வெளியே வரலாம்.

முழங்கை மடிப்பும் கையில்தான் இருக்கிறது. ஆகவே அந்தக் கீறலும் காயம். அது ஆறுவதற்குள் எட்டு நாள் ஆகிவிடும்.

ஏழு வருடத்தில் சீட்டோடு யாரும் வெளியே வரவில்லை. சீட்டில்லாமல் சிலர் வந்தார்கள். அவர்களைப் பின்கதவு வழியாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மெலிந்தவர்கள் நாலாவது கிண்ணம் வரை தாங்கினார்கள். பலசாலிகள் ஆறாவது கிண்ணம் வரை.

சுப்பன் பலசாலி.

*

சுப்பனின் மனைவி குப்பம்மாள் மறுநாளே சிங்காரத்தின் வீட்டுக்குப் போனாள்.

கோட்டைச் சபையில் ஒன்பது நாற்காலிகள் இருந்தன. எட்டு ஒல்லாந்தருக்கு. ஒன்பதாவது ஏரிக்கரைக்காரருக்கு. அதற்கு ஒரு கால் குட்டை. வருடா வருடம் மாசி மகத்துக்கு மறுநாள் நாற்பது குடிசைக்காரர்களும் கோட்டை வாசலில் கூடி, கை தூக்கி அந்த நாற்காலிக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். நாற்காலியில் உட்காருபவர் சட்டை போட்டிருக்க வேண்டும் என்று விதி. நாற்பது குடிசையிலும் சட்டை கிடையாது. அதனால் கடலோரக் குப்பத்துச் சிங்காரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரிடம் கறுப்புக் கம்பளிச் சட்டை ஒன்று இருந்தது.

சிங்காரம் ஏரிக்கு அந்நியர் இல்லை. அவருடைய தகப்பன் கரைக்காரர்களிடம் எறா வாங்கி விற்றவர். சின்ன வயதில் சிங்காரமும் அவர்களோடு தண்ணீரில் நின்றிருக்கிறார். ஒருமுறை குப்பம்மாளின் தகப்பன் இரண்டு கையையும் தூக்கியதால்தான் அவர் காலில் திருக்கை முள் ஏறவில்லை. இதை அவரே ஒவ்வொரு மாசியிலும் சொல்லுவார். "அந்தக் கை எனக்குக் குடுத்த உசிரு இது," என்று கம்பளிச் சட்டையைத் தொட்டுக் காட்டுவார். பிறகு, "நாற்காலியில உக்கார்ற மொத நாளே இந்தச் சட்டத்தை ஒழிப்பேன்," என்பார். எல்லாரும் கை தூக்குவார்கள்.

"இன்னா குப்பம்மா, தண்ணி குடிக்கிறியா?" என்றார் சிங்காரம்.

"வேணாம் நாட்டாரே. எங்க வூட்டுக்காரரைப் புடிச்சிட்டாங்க."

"எத்தினி காயம்?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணுதானே? வுட்டுடுவாங்க."

"இதுவரைக்கும் யாரையாவது வுட்டுக்கீறாங்களா நாட்டாரே?"

சிங்காரம் யோசித்தார். "இல்ல. அதாலதான் சட்டத்தையே ஒழிக்கணும்னு சொல்றேன். இங்க வா, உனக்கு ஒண்ணு காட்டறேன்."

பெட்டியிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்துப் பிரித்தார். உள்ளே எழுதுகிற வாத்து இறகு ஒன்று இருந்தது. நுனியில் மை படவே இல்லை.

"இதால ஒரு எழுத்து எழுதினதில்ல. எழுதவும் மாட்டேன். அந்தச் சட்டத்து மேல ஒரு கோடு, குறுக்கால. அதுக்குன்னே வெச்சிக்கினுகீறேன். ஏழு வருசமா."

"எப்ப போடுவீங்க?"

"நாப்பத்திரண்டு தடவை சபையில தீர்மானம் கொண்டாந்துட்டேன். நாப்பத்திரண்டு தடவையும் தொரை வேணாம்னுட்டாரு. நான் இன்னா பண்ணட்டும்? ஆனா ஒண்ணு. நாப்பத்திரண்டு தடவையும் என் கண்ணுல தண்ணி வந்துச்சு. வேணும்னா துபாஷியக் கேளு."

அது உண்மை. ஒவ்வொரு முறையும் துரை மறுத்த பிறகு சிங்காரத்தைச் சாப்பிட உட்கார வைப்பார். சாப்பாட்டில் மிளகு அதிகம்.

வெளியே சுப்பனின் அக்கா முனியம்மாள் காத்திருந்தாள். "இன்னாடி சொன்னான்?"

"எறகு காட்டினாரு அண்ணி."

"எனக்கும் காட்டினான், போன வருசம். எங்க ஊட்டுக்காரரைப் புடிச்சப்ப. அப்பவும் புத்தம் புதுசாத்தான் இருந்துச்சு."

*

மூன்றாவது கிண்ணத்துக்குப் பிறகு குப்பம்மாள் துபாஷி சுப்பராயலுவைக் கெஞ்சி வைத்தியர் முன்னால் போய் நின்றாள். சுப்பராயலு இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பவர். நல்லதையும் கெட்டதையும் ஒரே குரலில் சொல்லுவார்.

சுப்பனை அழைத்து வந்தார்கள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். உதடு வெளுத்திருந்தது.

"காயம் ஆறிப்போச்சு அய்யா," என்று குப்பம்மாள் அவனுடைய கட்டைவிரலைக் காட்டினாள். சிப்பி கிழித்த இடத்தில் வெள்ளைக் கோடுதான் இருந்தது.

ஹார்மன் குனிந்து பார்த்தார். தலையாட்டினார். பிறகு முழங்கை மடிப்பைக் காட்டினார்.

"இது என்ன என்று கேட்கிறார்," என்றார் சுப்பராயலு.

"அது அவரு வெட்டினது."

"யார் வெட்டினார் என்று சட்டம் கேட்கவில்லை என்கிறார்."

"வெட்டாம வுட்டா ஆறிடுமே அய்யா."

ஹார்மனுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். சுப்பராயலு ஒன்றையும் விடாமல் சொன்னார்.

"வெட்டாமல் விட்டால் ஆறும். அதில் சந்தேகமில்லை. ஆனால் அது தானாக ஆறியதாகிவிடும், வைத்தியத்தால் ஆறியதாகாது. தானாக ஆறிய கைக்குச் சீட்டுக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. கை தானாக ஆறும் என்று ஜனங்கள் தெரிந்துகொண்டால் நாளைக்கு இந்தக் கொட்டகைக்கு யார் வருவார்கள்? இவர்களுடைய நன்மையை யார் பார்ப்பார்கள்? இந்தச் சட்டத்தால் என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். சட்டம் வந்த பிறகு துரைக்கு வயிற்றுவலி வந்தது பதினொரு முறைதான்."

"அதுக்கு முன்னாடி எத்தினி தடவை அய்யா?"

"அப்போது எண்ணுவதற்குச் சட்டம் இல்லை என்கிறார்."

ஹார்மன் கடைசியாக இன்னொன்றும் சொன்னார். சட்டம் வந்த நாளிலிருந்து கையில் காயத்தோடு ஏரியில் ஒருவர்கூடச் சாகவில்லை.

"கொட்டகையில செத்தாங்களே," என்றாள் குப்பம்மாள்.

"சட்டத்தில் ஏரி மட்டும்தான் இருக்கிறது என்கிறார்."

போகும்போது சுப்பன் கொஞ்சம் நின்றான். "எறா எப்பிடி கீது?"

"கீதுய்யா. வடக்கால நெறைய கீது."

"முனையாண்ட போகாத. காவக்காரன் நிக்கிறான்." அவன் முழங்கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். "ஆட்டை அறுத்தாக்கூட ஒரே நாள்ல முடிச்சிடுவாங்க குப்பு. இவங்க தவணையில அறுக்கிறாங்க."

அவன் சிரிப்பான் என்று அவள் பார்த்தாள். சிரிக்க மூச்சு போதவில்லை.

*

தை பிறந்ததும் பழைய துரை ஊருக்குக் கப்பலேறினார். புதுத் துரை வந்தார். ஒல்லியானவர். இருமல்காரர். அவருக்கு எறாவே பிடிக்காது.

முதல் சபையில் சிங்காரம் எழுந்து நாற்பத்து மூன்றாவது முறையாகத் தீர்மானத்தைச் சொன்னார். கைக்குட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"சரி," என்றார் புதுத் துரை.

சுப்பராயலு மொழிபெயர்த்தார். சிங்காரம் இன்னொரு முறை மொழிபெயர்க்கச் சொன்னார்.

அன்று மத்தியானமே சேதி தெற்குக் கரைக்கு வந்துவிட்டது. குப்பம்மாள் பறியைப் போட்டுவிட்டு ஈரச் சேலையோடு ஓடினாள். சிங்காரம் வீட்டில் படுத்திருந்தார். நெற்றியில் ஈரத்துணி.

"தொரை சரின்னுட்டாராமே நாட்டாரே?"

"ஆமாம்மா." யாரோ செத்துப்போன வீட்டில் பேசுவதுபோல் இருந்தது குரல்.

"கோடு போட்டுட்டீங்களா?"

"அவசரப்படக் கூடாது குப்பம்மா. ஒரு சட்டத்தை எடுத்துட்டா அந்த எடம் காலியாயிடும். காலி எடத்துல இன்னா வைக்கிறது?"

"ஒண்ணும் வைக்காதீங்க. முன்னாடி ஒண்ணும் இல்லியே."

"உனக்குத் தெரியாது. இதவிட நல்ல சட்டம் ஒண்ணு எழுதிக்கினுகீறேன். அத்த வெச்சிட்டு இத்த எடுக்கணும்." தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மேலே ஒரே ஒரு வரி இருந்தது. கீழே ஒன்றும் இல்லை.

"இன்னா எழுதிக்கீது?"

"'இதைவிட நல்ல சட்டம்'னு."

"அப்பறம்?"

"அப்பறம்தான் யோசிக்கணும். ஏழு வருசமா ஒழிக்கிறதப் பத்தியே யோசிச்சிட்டேன்."

"அஞ்சாவது கிண்ணம் வர்ற வியாழக்கெழமை நாட்டாரே."

"கிண்ணத்தைப் பாக்கக் கூடாதும்மா. கொள்கையப் பாக்கணும்." அவர் எழுந்து உட்கார்ந்தார். ஈரத்துணி மடியில் விழுந்தது. "நீயே சொல்லு. இந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் நான் நாற்காலிக்கு வந்தேன். இதுக்காகத்தான் நீங்கள்லாம் கை தூக்கினீங்க. சட்டம் போயிடுச்சுன்னா அப்பறம் நான் யாரு?"

குப்பம்மாள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "மீன் புடிக்கிறவரு," என்றாள்.

சிங்காரம் மறுபடி படுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் சபைக்குப் போய் ஆறு மாதம் தவணை கேட்டார். புதுத் துரைக்கு இருமல் வந்தது. இருமி முடித்து அவர் சொன்னார்: "ஆறு மாதம் நான் இருப்பேனோ தெரியாது. மாற்றுச் சட்டமெல்லாம் வேண்டாம். புதன்கிழமை உன் ஜனங்களை வாசலுக்கு அழைத்து வா. சட்டம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்கட்டும். பாதிப் பேருக்கு மேல் தூக்கினால் அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன்."

தூக்குகிற கையில் காயம் இருந்தால் பிடிக்க வேண்டும் என்று ஹார்மன் எழுந்து சொன்னார்.

"முதலில் எண்ணலாம்," என்றார் துரை. "சட்டம் ஒழிந்துவிட்டால் பிடிக்க வேண்டியிருக்காது."

*

புதன்கிழமை காலை நாற்பது குடிசையும் கோட்டை வாசலில் நின்றது. நூற்றுப் பன்னிரண்டு பேர். வெயில் ஏறவில்லை. அகழித் தண்ணீருக்கு இந்தப் பக்கம் ஒரு மேசை போட்டு துரை உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் மணல் கடிகாரம் ஒன்று இருந்தது. மேல் குப்பியில் இருக்கும் மணல் கீழே வடியும் வரை கை தூக்கலாம், அதற்குப் பிறகு தூக்கினால் செல்லாது என்று சுப்பராயலு மூன்று முறை விளக்கினார்.

"இவ்ளோதானா?" என்றாள் முனியம்மாள். "ஏழு வருசம் இதுக்கா அழுதான்? நான் ரெண்டு காலையும் சேத்துத் தூக்குவேனே."

ஜனங்கள் சிரித்தார்கள். குப்பம்மாளும் சிரித்தாள். கொட்டகைச் சுவர் வாசலிலிருந்தே தெரிந்தது. சாயங்காலத்துக்குள் சுப்பன் அங்கிருந்து நடந்து வருவான். நடக்க முடியாவிட்டால் தூக்கிக்கொள்ளலாம்.

சிங்காரம் ஒரு பீப்பாயின் மேல் ஏறி நின்றார். கம்பளிச் சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார். சிவப்புத் துணி இடுப்பில் செருகியிருந்தது.

துரை தலையசைத்தார். சுப்பராயலு கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். "சட்டம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம்," என்றார்.

அதே நேரம் சிங்காரம் தன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

நூற்றுப் பன்னிரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

பாதி தூரம் போன கைகள் பாதியில் நின்றன. முனியம்மாளின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. இடுப்புக் குழந்தைகள்கூட அசையவில்லை. கால் நின்ற மண் காய்ந்த மண் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் தெரிந்தது தலைக்குத்தான். நிற்பது உடம்பு.

மணல் வடிந்தது.

"கை தூக்கலாம்," என்றார் சுப்பராயலு மறுபடி. தெலுங்கிலும் சொன்னார்.

குப்பம்மாள் சிங்காரத்தைப் பார்த்தாள். அவர் கையை இறக்கினால் போதும். அவருடைய நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க அவர் கையை இறக்கவில்லை. ஒருமுறை அவர் பார்வை அவள்மேல் பட்டது. அவள் தகப்பன் கை தூக்கி நின்றபோது அவர் எப்படிப் பார்த்திருப்பாரோ அப்படிப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

மேல் குப்பியில் ஒரு விரல் உயரம் மணல் இருந்தது. பிறகு அரை விரல்.

குப்பம்மாள் தன் வலது கையைத் தூக்க முயன்றாள். முதலில் தோள் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள், பறி இருப்பதுபோல. கை மெதுவாக மேலே போனது. பிறந்ததிலிருந்து முதல் முறையாக, ஒருவர் இரண்டு கையும் தூக்கி நிற்கும்போது அவள் அசைந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் முகம் சுருங்கியது. முள் பாயப் போகிறது என்பதுபோல.

மணல் முடிந்தது. சிங்காரம் கையை இறக்கினார். நூற்றுப் பதினொரு பேர் மூச்சு விட்டார்கள். விட்ட மூச்சோடு எல்லாரும் கையைத் தூக்கினார்கள். வாசல் முழுக்கக் கைகள்.

"நேரம் முடிந்தது," என்றார் சுப்பராயலு. ஏட்டில் எழுதினார்: கைகள் மூன்று. அவற்றில் இரண்டு ஒரே ஆளுடையவை.

"விசித்திரமான ஜனங்கள்," என்றார் துரை. இருமிக்கொண்டே உள்ளே போனார்.

சிங்காரம் பீப்பாயிலிருந்து இறங்கினார். கண்ணில் தண்ணீர் இருந்தது.

"நான் ரெண்டு கையும் தூக்கினேன்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "ஏட்டுல எழுதிக்கீது, யார் வேணா போய்ப் பாருங்க. உங்களுக்காக ஒரு கை இல்ல, ரெண்டு கை. நீங்க இன்னா பண்ணீங்க?"

சிலர் வெட்கப்பட்டார்கள்.

சட்டம் ஒழியாததால் சட்டம் இருந்தது. தூக்கிய கைகளில் நூற்றுப் பதினொன்று நேரம் கடந்தவை. அதனால் ஏட்டின்படி அவை தூக்கப்படவே இல்லை. நேரத்துக்குள் தூக்கிய குப்பம்மாளின் கையை மட்டும் ஹார்மன் வந்து பார்த்தார். மூன்று காயங்கள் இருந்தன.

*

கொட்டகையில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடுவே ஓலைத் தட்டி கட்டியிருந்தது. குப்பம்மாளின் பாயும் சுப்பனின் பாயும் அதன் இரண்டு பக்கமும் இருந்தன. தட்டியில் விரல் போகும் அளவுக்கு ஓட்டை இருந்தது.

"ஏன் கை தூக்கின?" என்றான் சுப்பன்.

"தூக்கச் சொன்னாங்க."

"ரெண்டு கையும் தூக்கி நிக்கும்போது அசையலாமா? உங்க நைனா உனக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியா?"

பிறகு ஓட்டை வழியாக அவன் விரல் வந்தது. அவள் பிடித்துக்கொண்டாள். ஒரு பொருக்கு இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அந்த விரலை இப்படித் தொட்டதில்லை. பிறந்த குழந்தையின் விரல்போல் இருந்தது. அவ்வளவு பலம்தான் அதில் இருந்தது.

அவனுக்கு ஐந்தாவது கிண்ணம் எடுத்த அன்று அவளுக்கு முதல் கிண்ணம். ஆறாவது எடுத்த அன்று அவளுக்கு இரண்டாவது.

அந்த நாட்களில் சிங்காரம் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கை தூக்கியதால்தானே ஒரு பெண்ணின் காயம் வெளியே தெரிந்தது? இனி அப்படி நடக்கக் கூடாது. ஜனங்களைக் காப்பாற்றுவதற்காக, காயம்பட்ட கைகள் இனி எந்தக் கூட்டத்திலும் எண்ணப்பட மாட்டா. ஹார்மன் கை தட்டினார். ஏழு வருடத்தில் சிங்காரத்தின் தீர்மானம் நிறைவேறியது அதுதான் முதல் முறை. அதை ஒல்லாந்து மொழியில் எழுதி வாசலில் ஒட்டினார்கள்.

ஏழாவது கிண்ணத்துக்கான சனிக்கிழமை காலையில் ஹார்மன் சுப்பனின் முழங்கையைக் கீறினார். ஒன்றும் வரவில்லை. இரண்டு விரல் தள்ளி இன்னொரு முறை கீறினார். இரண்டு கீறலும் வெளுத்த வாயைத் திறந்துகொண்டு அப்படியே இருந்தன. ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் குப்பம்மாள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் குளிர்ந்து வெகு நேரம் ஆகியிருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஹார்மன் சட்டத்தை எடுத்துப் பார்த்தார். ரத்தமோ நீரோ வடிந்தால்தான் காயம். இங்கே வடியவில்லை. பொருக்கும் இல்லை. கையைத் தோளிலிருந்து விரல் வரை இரண்டு முறை தடவிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

ஏழு வருடத்தில் முதல் ஆறிய கை. துரைக்கு ஆள் போனது. கோட்டையில் ஒரு வெற்றுவேட்டு போட்டார்கள். ஹார்மன் தானே உட்கார்ந்து சீட்டு எழுதி அரக்கு வைத்துச் சுப்பனின் மணிக்கட்டில் கட்டினார். 'இதைக் கொண்டுவருபவரின் கை வைத்தியத்தால் முழுமையாக ஆறியது' என்று அதில் இருந்தது. யார் வாங்குவார்கள் என்று தெரியாமல் ஏழு வருடத்துக்கு முன் வகுத்த வாசகம், அதனால் பெயருக்கு இடம் விடவில்லை.

பின்கதவு வழியாகப் போகிறவர்களுக்குச் சீட்டுத் தேவையில்லை. தூக்க வந்தவர்கள் பாடை கொண்டுவரப் போன நேரத்தில் குப்பம்மாள் தட்டியை நகர்த்திக்கொண்டு வந்து அவன் மணிக்கட்டிலிருந்து முடிச்சை அவிழ்த்தாள். சீட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். காவலன் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு வழி விட்டான்.

அவள் சுற்றிக்கொண்டு பின்கதவுக்கு ஓடினாள். முனியம்மாள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். வெற்றுவேட்டுச் சத்தம் கேட்டதுமே வந்துவிட்டாளாம். "நல்ல சேதின்னு நெனச்சேன்டி," என்றாள்.

*

பதினாறு நாள் குப்பம்மாள் தண்ணீரில் இறங்கவில்லை. பதினேழாம் நாள் மாசி மகத்துக்கு மறுநாள்.

கோட்டை வாசலில் அதே மேசை, அதே பீப்பாய். துரை வரவில்லை. இருமல் அதிகமாகிவிட்டது என்றார்கள். சிங்காரம் பீப்பாய் மேல் நின்று பேசினார். குப்பம்மாளின் தகப்பனைப் பற்றிச் சொன்னார். கம்பளிச் சட்டையைத் தொட்டுக் காட்டினார். சுப்பன் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

"சுப்பன் சாவுக்கு யார் காரணம்? இந்தச் சட்டம். இத்த ஒழிக்காம நான் தூங்க மாட்டேன். ஒழிக்கிறதுக்கு நான் வேணும். என்னை உக்கார வையுங்க. உக்கார்ற மொத நாளே," என்று சொல்லிச் சிவப்புத் துணியைப் பிரித்து இறகை உயர்த்திக் காட்டினார். வெயிலில் அது வெள்ளையாக மின்னியது.

ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வேற யார்கிட்ட சட்டை கீது?" என்றார் பின்னாலிருந்து யாரோ. யாரிடமும் இல்லை. கைகள் அசையத் தொடங்கின. முதலில் ஓரத்தில் ஒன்று. பிறகு நடுவில் இரண்டு.

குப்பம்மாள் முன்னால் வந்து நின்று தன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

எல்லாம் நின்றது. அசையத் தொடங்கிய கைகள் நின்றன. பீப்பாய் மேல் சிங்காரமும், இறகைப் பிடித்த கை அந்தரத்தில் இருக்க, பழைய பழக்கத்தில் அப்படியே நின்றார்.

சுப்பராயலு எழுந்து வந்தார். அவர் ஏரிக்காரர் இல்லை, அவரால் நடக்க முடிந்தது. குப்பம்மாளின் கைகளைத் தோளிலிருந்து விரல் நுனி வரை பார்த்தார். ஒரு மாதத்துக்கு மேல் சேறு தொடாத கைகள். விரல்கள் வழவழவென்று இருந்தன. முழங்கை மடிப்பில்கூட இரண்டு வெள்ளைக் கோடுகள்தான். மற்றவர்களின் கைகளையும் ஒருமுறை கண்ணால் துழாவினார். காயமில்லாத கை ஒன்றும் இல்லை. பிறகு மேசைக்குப் போய் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார்.

"கரையில் செல்லத்தக்க கைகள்: இரண்டு. தூக்கப்பட்டவை: இரண்டு. ஏரிக்கரை நாற்காலிக்குச் சிங்காரம் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்."

ஏட்டை மூடினார். "கையை இறக்கலாம் அம்மா," என்றார். அவள் காதில் விழவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னார். தெலுங்கிலும் சொன்னார்.

திருக்கை போகவில்லை. குப்பம்மாள் கையை இறக்கவில்லை. ஒருவரும் அசையவில்லை.